ஐந்நூறு வில் தொலைவு: இலங்கைக் காடுகளில் ஐரோப்பியத் துறவிகள், 1911–1965

5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், காட்டை மரங்களைக் கொண்டு வரையறுக்கவில்லை, ஊரிலிருந்து அளக்கிறது. வனவாசத்தை நோன்பாக ஏற்ற பிக்கு ஊரெல்லையிலிருந்து குறைந்தது 500 வில் தள்ளித் தங்க வேண்டும். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அவர் மண்ணைக் கிளறக் கூடாது, காசைத் தொடக் கூடாது. பிச்சைப் பாத்திரத்தோடு ஊருக்குள் வந்தாக வேண்டும். அமெரிக்காவின் வால்டன் குளக்கரையில் 1845இல் குடியேறிய தோரோ தாமே பீன்ஸ் பயிரிட்டுக்கொண்டார். பிக்குவுக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே தேரவாத மரபில் வனவாசம் என்பது ஊரோடு உறவை முறிப்பதன்று, அந்த உறவுக்கு ஓர் அளவு வைப்பது. பின்னாளில் ஐரோப்பாவை வெறுத்து இலங்கைக்கு வந்தவர்களின் கதையை இந்த அளவுகோலைக் கொண்டு பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் 1878இல் பிறந்த ஆன்டன் குயெத் வயலின் கலைஞர். பர்மாவில் துறவு பூண்டு ஞானதிலோகர் ஆனார். 1911இல் இலங்கையின் தென்மேற்குக் கரையில், தொடந்துவைக்கு அருகிலுள்ள களப்பில் பொல்கஸ்துவ என்ற தீவில் மடம் அமைத்தார். சுற்றிலும் நீர் என்பதால் ஊர் எட்டாது என்று எண்ணத் தோன்றும். மூன்றே ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. காவியுடை அணிந்திருந்தாலும் பிரித்தானிய அரசின் கண்ணுக்கு அவர் ஜெர்மானியரே. தியத்தலாவை முகாம், பிறகு ஆஸ்திரேலியா. இலங்கைக்குத் திரும்ப 1926 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் போரிலும் இதே கதைதான்; இம்முறை டெஹ்ராடூன் முகாம். யூதராகப் பிறந்து, 1936இல் துறவியாகி, ஹிட்லரின் ஜெர்மனிக்கு வெளியே வாழ்ந்த ஞானபோனிகரையும் எதிரி நாட்டவர் என்றே அடைத்து வைத்தார்கள். இந்த முரண் போதிய கவனம் பெறவில்லை.

போருக்குப் பின் வந்தவர்கள் ஆங்கிலேயர். இத்தாலியில் பிரித்தானிய உளவுப் பிரிவில் பணியாற்றிய நண்பர்கள் இருவர் 1949இல் தீவுக்கு வந்தனர். ஒருவர் ஞானமோளி. விசுத்திமக்கத்தை இவர் ஆங்கிலமாக்கி 1956இல் வெளியிட்டார். காட்டுக்கு அளவு சொன்ன அதே நூல்தான் அது.

1951இல் ஞானதிலோகரும் ஞானபோனிகரும் கண்டி நகரை ஒட்டிய உடவத்தகெலே காட்டுக்கு மாறினர். அதே ஆண்டில் கடவத்துவே ஜினவம்ச தேரர் உள்ளூர்ப் பிக்குகளுக்கென வனமடங்களின் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வனவாசத்தின் மறுமலர்ச்சி ஐரோப்பியரின் கொடை அன்று. 1957இல் ஞானதிலோகர் மறைந்தபோது நடந்தது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு. மறு ஆண்டு ஞானபோனிகர் நண்பர்களோடு சேர்ந்து பௌத்த வெளியீட்டுக் கழகத்தை நிறுவினார். பதிப்பகத்தின் கடிதங்களும் அச்சுப்படிகளும் காட்டுக் குடிலுக்கு வரத் தொடங்கின.

இவர்களுள் தனிமையை விடாப்பிடியாகப் பற்றியவர் ஞானமோளியின் நண்பர் ஞானவீரர். 1957 முதல் தென்கோடியில் புந்தல கிராமத்தை அடுத்த காட்டில் ஒற்றைக் குடிலில் வாழ்ந்து, 1965இல் அங்கேயே இறந்தார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் 1987இல் பெரிய நூலாக வெளிவந்தன.