உப்புக்குள் ஒரு பாஸ்பேட்

பாஸ்பேட் என்றதும் நமக்கு உரமூட்டைதான் ஞாபகம் வரும். ஆனால் கேக், கோலா, சீஸ், ஏற்றுமதி இறால் என்று பல பண்டங்களில் அது இருக்கிறது. அவ்வளவு ஏன், உப்பில்கூட உண்டு. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

ஏழையோ பணக்காரரோ, எல்லோரும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடும் பொருள் உப்பு. அதனால்தான் முன்கழுத்துக் கழலையைத் தடுக்க 1962ல் தேசியத் திட்டம் தொடங்கியபோது அயோடினை உப்பில் கலந்தார்கள். அடுத்த கேள்வி: ரத்தசோகைக்கு இரும்பையும் இப்படியே கொடுத்தால் என்ன?

கேட்க எளிது, செய்யக் கடினம். இரும்பு சல்பேட்டை உப்பில் போட்டால் ஈரம் பட்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். துருப்பிடித்த மாதிரி இருக்கும் உப்பை யார் வாங்குவார்கள்? நிறம் மாறாத இரும்பு பாஸ்பேட்டைப் போட்டாலோ, உடம்பு அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை!

இந்த முடிச்சை அவிழ்த்தது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். (1918ல் நம் குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் இப்படி வளர்ந்தது, 1958ல் ஐதராபாத் போனது.) அங்கே நரசிங்க ராவும் சக ஆய்வாளர்களும் எந்தத் துணைப்பொருளைச் சேர்த்தால் நிறமும் கெடாது, சத்தும் சேரும் என்று தேடி 1975ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1 கிராம் உப்பில் 1 மில்லிகிராம் இரும்பு என்ற கணக்கில் மக்களிடம் கொடுத்துப் பார்த்ததில் ரத்தசோகை குறைந்தது. அந்த அறிக்கை 1982ல் வந்தது.

அயோடினும் இரும்பும் சேர்ந்தபோது அடுத்த தலைவலி. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும், அயோடின் பறந்துவிடும். அதற்கு அந்த நிறுவனம் கண்ட வழி சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட். உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் குணம். இரும்பை இது பிடித்துக்கொள்ள, அயோடின் பிழைத்தது. உப்பில் சுமார் 1 சதவீதம் போதும். (இரும்பின் மேல் பூச்சு பூசிக் கலக்கும் வேறொரு முறையும் உண்டு. அதனால் எல்லா இரட்டைச் செறிவு உப்பிலும் இந்த பாஸ்பேட் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.)

சரி, இது ஆபத்தா? வணிகவியல் மாணவன், கணக்குப் போட்டே பார்க்கிறேன். தினம் 10 கிராம் உப்பு சாப்பிட்டால் 100 மில்லிகிராம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் சேரும். அதில் பாஸ்பரஸ் சுமார் 30 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல் வகுத்த வரம்பு, உணவில் இயற்கையாக இருப்பதையும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 2,400. ஆக, உப்பிலிருந்து வருவது சுமார் 1 சதவீதம்தான்.

ஆனால் அந்த வரம்பு சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் பழுதானவர்களுக்குப் பொருந்தாது என்று அதே ஆணையம் சொல்கிறது. அவர்களால் பாஸ்பரஸைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் தேங்கினால் எலும்பு பலவீனமாகும், ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படியும். பருப்பு, தானியத்தில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் பாதி அளவுதான் உடம்பில் சேரும். சேர்க்கைப் பொருளாக வருவதோ 90 சதவீதம் வரை சேர்ந்துவிடும். உப்போடு சீஸ், கோலா, பாக்கெட் இறைச்சி எல்லாம் கூடும்போதுதான் பிரச்சினை.

லேபிளில் 338 முதல் 341 வரையோ, 450, 451, 452 என்றோ எண் இருந்தால் அது பாஸ்பேட். இருக்கிறது என்று எண் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. வரவு மட்டும் எழுதித் தொகையை விட்ட கணக்குப் புத்தகம் மாதிரி!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு இரும்பைக் கொண்டு சேர்க்க உதவும் ஒரு பொருளை 'கெமிக்கல்' என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதே சமயம் டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த அளவைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இரண்டு நியாயங்களுக்கும் பாக்கெட்டில் இடம் இருக்கிறது, ஒரே ஒரு வரி போதும்.