கப்பலை விட்டு இறங்கியவர்கள் கண்ட பினாங்கு

‘நான் முதன்முதலில் பார்த்த மாநகரம்’ என்று தலைப்பு கொடுத்தால் நம் மாணவர்கள் வானுயர்ந்த கட்டடம், வாகன நெரிசல், கண்ணைப் பறிக்கும் விளக்கு என்று ஒரே மாதிரி எழுதித் தள்ளிவிடுவார்கள். தங்கள் குடும்பத்திலிருந்து முதலில் வெளிநாட்டு நகரத்தில் கால் வைத்தவர் யார், அவர் கண்ணில் பட்டது என்ன என்று எழுதுபவர் மிகக் குறைவு. மலேசியத் தமிழர் பலருக்கு அந்த முதல் நகரம் பினாங்கின் ஜார்ஜ் டவுன்.

நாகப்பட்டினத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணம். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயர் நம் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. அறை எடுத்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குக் கப்பல் தளம்தான் இடம். பாயை விரிச்சா அதுதான் வீடு, மூட்டைதான் தலையணை.

வந்து சேர்ந்ததும் எல்லாரும் நகரத்தைப் பார்த்துவிடவில்லை. நோய்த் தடுப்பு என்று சொல்லித் தளப் பயணிகளைப் பினாங்குக் கரையோரம் உள்ள ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அறைப் பயணிகளுக்குப் பொதுவாக அந்தக் கெடுபிடி இல்லை. ஒரே கப்பலில் வந்தாலும், கையிலிருந்த சீட்டைப் பொறுத்து ஒருவருக்கு முதல் காட்சி துறைமுகக் கடைத்தெரு, இன்னொருவருக்குத் தடுப்பு முகாம். கங்காணியோடு வந்த தோட்டத் தொழிலாளிக்கு அதற்குப் பிறகும் நகரம் நிச்சயமில்லை. எதிர்க்கரையில் பிறை, அங்கிருந்து ரயில், பிறகு ரப்பர் காடு. ஜார்ஜ் டவுனைத் தண்ணீருக்கு அப்பால் ஒரு வரிசைக் கட்டடமாக மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களும் இருந்திருப்பார்கள்.

நகரத்தில் இறங்க முடிந்தவர்களுக்குப் பார்க்க நிறைய இருந்தது. துறைமுகத்தின் அருகே மணிக்கூண்டு. விக்டோரியா ராணி அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதற்காகக் கட்டியது, அதனால் உயரமும் 60 அடி. ஆளை உட்கார வைத்து ஆளே இழுக்கும் ரிக்‌ஷா, மின்சார டிராம், தண்டவாளமே இல்லாத ஒரு ரயில் நிலையம்! சீட்டை இங்கே வாங்கிக்கொண்டு, படகில் பிறைக்குப் போய் வண்டி ஏற வேண்டும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. நாகூருக்குப் பக்கத்து ஊரான நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவன், கடல் தாண்டி இறங்கிய இடத்தில் நாகூராரின் பெயரைப் பார்க்கிறான். கொஞ்ச தூரத்தில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதே வட்டாரத்தில் கப்பித்தான் கிளிங் மசூதி, சீனர்களின் குவான் யின் கோயில், ஆங்கிலேயர் தேவாலயம். காதில் விழுவது ஹொக்கியனும் மலாயும். அந்த மலாயிலும் ‘கெடாய்’ என்றால் நம் கடை, ‘காப்பால்’ என்றால் நம் கப்பல். சோழமண்டலக் கரை வணிகர்கள் பல நூற்றாண்டு வந்துபோனதன் தடம் அது. பரபரப்பான அந்நிய நகரம் என்கிறோம். வந்தவனுக்கு அது பாதிதான் அந்நியம்.

இதையெல்லாம் யார் எழுதிவைத்தார்கள்? 1879இல் வந்த இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி பினாங்கைப் பற்றி எழுதினார், அவருடைய நூல் 1883இல் அச்சானது. அவர் எழுத்தில் நம்மவர்கள் வேடிக்கை பார்க்கப்படுகிறவர்கள். தளத்தில் படுத்து வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுடைய குரல் தோட்டப்புறப் பாடல்களிலும் வீட்டுப் பேச்சிலும்தான் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 1938இல் இந்திய அரசு, தோட்ட வேலைக்கு உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன் பெரியவர்களாக வந்து இறங்கியவர்கள் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கும் வயதாகிவிட்டது.

படிவம் மூன்று, நான்கு மாணவர்களிடம் இதே தலைப்பைக் கொடுக்கும்போது, முதலில் வீட்டில் நாலு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: எந்தக் கப்பல்? தளமா, அறையா? தீவில் எத்தனை நாள் வச்சிருந்தாங்க? டவுனைப் பார்த்தாங்களா, இல்லை நேரா தோட்டத்துக்குத்தானா? பதில் தெரியாது என்று வந்தால், அதையே கட்டுரையின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.