செங்கல்லில் இருக்கிற பேர்

சீனப் பெருஞ்சுவர் என்றதும் நமக்குக் காட்டப்படுவது பாடலிங் பகுதியின் படம்தான். 1950களில் பழுது பார்த்து, தலைவர்களும் விருந்தாளிகளும் நடப்பதற்குத் தோதாக ஆக்கிய சுவர் அது. அங்கே அரசனின் பெருமை தெரியும். கட்டினவன் தெரிய மாட்டான்.

அவனைத் தேடினால் குபெய்கோவுக்குப் போகணும். பெய்ஜிங்குக்கு வடகிழக்கே, பான்லாங் மலைமுகட்டில் பழுது பார்க்காத சுவர் கிடக்கிறது. தனியாக நடக்கிறவருக்குக் காற்றும் முட்செடியும்தான் துணை. மேலே பாவின செங்கல் பெயர்ந்து, உள்ளே அடைத்த கல்லும் மண்ணும் பிதுங்கி நிற்கும். 'இருபத்து நான்கு கண்' என்ற காவல் கோபுரம் பாதி சரிந்து நிற்கிறது. 1933இல் ஜப்பானியப் படையோடு சண்டை நடந்த இடம் இது.

கிழக்கே ஜின்ஷான்லிங் வரைக்கும் நடந்தால், செங்கல்லிலேயே எழுத்து இருக்கும்: வான்லி ஆட்சியின் 5ஆம் ஆண்டு, அதாவது 1577, இன்ன படைமுகாம் செய்தது. முகாமுக்குப் பேர் உண்டு. மண் குழைத்து, சூளை போட்டு, முதுகில் சுமந்து மலையேறினவனுக்கு இல்லை.

அந்தச் சிப்பாய் யார்? மிங் அரசு குடும்பங்களைப் படைக்குடி, கைவினைக்குடி, பொதுக்குடி என்று பிரித்துப் பதிவேட்டில் எழுதியது. படைக்குடியில் பிறந்தால் அப்பனுக்குப் பிறகு மகன் போயாகணும். தண்டனை பெற்றவனையும் எல்லைப் படைக்குத்தான் ஓட்டினார்கள். பிறப்பைக் காட்டி வேலையைத் தலையில் கட்டுகிற சூழ்ச்சி நமக்கென்ன புதுசா? 16ஆம் நூற்றாண்டில் அந்த முறை தளர்ந்து கூலிப்படை வந்தது. அப்பவும் கல் சுமக்கிற வேலை சிப்பாய் தலையில்தான் விடிஞ்சது. 1568இல் வடக்கே வந்த தளபதி சி ஜிகுவாங் கோபுரங்கள் எழுப்பினார் என்று வரலாறு எழுதுகிறது. எழுப்பின கை எதுன்னு எழுதலை.

மக்கள் எழுதினார்கள். சுவர் வேலைக்கு இழுத்துப் போன புருஷன் செத்துப்போக, மெங் ஜியாங் அழுத அழுகையில் சுவரே இடிந்ததாம். வரலாற்றுப் புத்தகத்தில் இல்லாத கோபம் இந்தக் கதையில் இருக்கிறது.

2016இல் லியாவ்னிங் மாகாணத்தில் ஒரு பகுதியைப் பழுது பார்க்கிறோம் என்று மேலே காரை பூசி மட்டமாக்கியது தெரியவந்து ஊரே கொதித்தது. பாழானது என்று நாம் சொல்கிற சுவர், உழைப்பின் தடத்தையாவது வைத்திருக்கிறது. அதன்மேல் பூசுகிறவர்களிடம் ஒரு கேள்வி: யாருடைய பேரை மறைக்கிறீர்கள்?