கணக்கு போதாமல் பிறந்த வரைபடம்

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வணிகக் கணக்கு என்றாலே அட்டவணைதான். எந்த ஆண்டு எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு போனது என்று பக்கம் பக்கமாக எண்கள். ஒரே ஒரு ஆண்டின் தொகையைத் தேடுபவருக்கு அதைவிட வசதியானது வேறில்லை. எண்பது ஆண்டுகளில் வியாபாரம் வளர்ந்ததா, தேய்ந்ததா என்று கேட்டால்தான் அட்டவணை வாயடைத்துப்போகும்.

வில்லியம் பிளேஃபேர் அங்கேதான் நுழைந்தார். ஸ்காட்லாந்துக்காரர், நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர். பிறகு பொறியியல், வெள்ளி வேலை, பதிப்பு என்று எதையெதையோ தொட்டு, எதிலும் நிலைக்காதவர். 1786-இல் அவர் வெளியிட்ட ‘கமர்ஷியல் அண்ட் பொலிட்டிக்கல் அட்லஸ்’ நூலில் 44 வரைபடங்கள். அவற்றில் 43 காலத்தைக் கிடைமட்டமாக ஓடவிட்டவை. டென்மார்க், நார்வேயுடன் இங்கிலாந்து நடத்திய வியாபாரத்தைக் காட்டும் படத்தில் இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. நூற்றாண்டின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதுவரை இங்கிலாந்துக்கு எதிராக இருந்த வணிக நிலுவை சாதகமாகத் திரும்பிய காலம் அது. அட்டவணையில் இதைக் கண்டுபிடிக்க வரிக்கு வரி கழித்துப் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய ஒரு படம்தான் சுவாரசியமானது. ஸ்காட்லாந்தின் வியாபாரத்துக்கு 1780–81 என்ற ஓராண்டுக் கணக்கு மட்டுமே அவர் கையில் இருந்தது. ஓராண்டை வைத்துக்கொண்டு கோடு இழுப்பது எப்படி? வியாபாரம் நடந்த 17 இடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இறக்குமதி, ஏற்றுமதி என இரண்டு பட்டைகள் வரைந்தார். வணிகக் கணக்கில் பட்டை வரைபடம் வந்தது இப்படித்தான். காலத்தைக் காட்டாத இந்தப் படம் மற்றவற்றைவிடப் பயன் குறைந்தது என்று அவரே அதில் குறைபட்டுக்கொண்டார்! அந்தக் குறை தேவையில்லாதது. காலம் இல்லாத தரவுக்கு அவர் சரியான வடிவத்தையே பிடித்திருந்தார்.

1801-இல் அவருடைய இன்னொரு நூலில் வட்ட வரைபடம் வந்தது. துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பில் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பது அதன் பொருள். ஒரு முழுமை, மூன்றே துண்டு. வட்டம் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது.

பின்னால் வந்தவர்கள்தான் அந்த வட்டத்தைப் பத்து, பன்னிரண்டு துண்டுகளாக நறுக்கத் தொடங்கினார்கள். 1984-இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் மனிதக் கண்ணையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் நிற்கும் பட்டைகளின் உயரத்தைப் பார்வையாளர்கள் ஓரளவு சரியாகக் கணித்தார்கள். வட்டத்தின் கோணங்களைக் கணிப்பதில் அதிகம் தவறினார்கள். பிளேஃபேர் தாழ்த்திச் சொன்ன பட்டை அந்தச் சோதனையில் அவருடைய வட்டத்தை முந்திவிட்டது. ஆய்வேட்டில் பன்னிரண்டு துண்டு வட்டத்தைச் சேர்க்க நினைப்பவர்கள் அதே எண்களை ஒருமுறை பட்டையாகவும் வரைந்து பார்க்கட்டும்.