மாலைக்கண்ணுக்கு அப்பால்

முண்டியம்பாக்கம் பக்கம் பொழுது சாய்ற நேரத்துல யாராவது வாசப்படியில இடறினா, "என்னப்பா, மாலைக்கண்ணா?" என்று கேட்பார்கள். இப்போது அது கேலி. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் அது நிஜமான சந்தேகம்.

மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற நிறமி விழித்திரையில் உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் அந்திப் பார்வை போகும். பிறகு வெள்ளை விழி வறண்டு, நுரை ஒட்டினாற்போலத் திட்டுகள் வரும். கடைசியில் கருவிழியே குழைந்துவிடும். சென்னை அரசு கண் மருத்துவமனையில் இருந்த ஆர். ஈ. ரைட் 1922லேயே தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணும் இந்தக் கருவிழிச் சிதைவைப் பற்றி எழுதியிருக்கிறார். 1937ல் அவரும் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் அய்க்ராய்டும் சேர்ந்து, செம்பனை எண்ணெய் கொடுத்து இதைக் குணப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

அப்புறம் ரொம்ப காலம் இது 'கண் பிரச்சினை'யாகவே இருந்தது. 1970ல் மத்திய அரசு ஆரம்பித்த வைட்டமின் ஏ திட்டமும் பார்வையிழப்பைத் தடுக்கத்தான். ஆனால் கருவிழி குழைந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பார்வையற்றோர் பள்ளியில் போய் எண்ணினால் பிழைத்தவர்கள்தானே கணக்கில் வருவார்கள்? எங்க தொழிலில் லாக்கில் பதிவாகாத பிழையை யாரும் தேட மாட்டார்கள், அந்த மாதிரிதான் இதுவும். இறந்த குழந்தைக்கு வயித்துப்போக்கு, அம்மை என்று வேறு காரணம் எழுதப்பட்டிருக்கும். குடல், மூச்சுக்குழாய் இவற்றின் உள்தோல் கிருமியைத் தடுத்து நிற்பதற்கும் இதே வைட்டமின்தான் தேவை.

இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் இதைச் சோதித்து, குழந்தை இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1986ல் வெளியிட்டார்கள். பலர் நம்பவில்லை. அடுத்த பெரிய சோதனைகளில் ஒன்று நம்ம திருச்சி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹமத்துல்லா தலைமையில், 15,419 சின்னக் குழந்தைகளுக்கு ஓர் ஆண்டு முழுக்க, வாரம் தவறாமல் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு 8,333 யூனிட் வைட்டமின் ஏயும் கொஞ்சம் வைட்டமின் ஈயும். மறுபாதிக்கு ஈ மட்டும். வாராவாரம் ஆள் வந்து பார்த்தது இரண்டு பக்கத்துக்கும் பொது, அதனால் 'கவனிப்புதான் காரணம்' என்று தள்ளிவிட முடியாது. 1990ல் முடிவு வெளியானது: வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளில் இறப்பு பாதிக்கும் கீழே. மூன்று வயதுக்குள் இருந்தவர்களுக்கும், வளர்ச்சி குன்றியவர்களுக்கும்தான் அதிகப் பலன்.

அதே 1990ல் ஐதராபாத் பக்கம் நடந்த சோதனையும் வெளிவந்தது. அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட். இறப்பில் வித்தியாசமே இல்லை. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் செய்த சோதனையிலும் (2013ல் வெளியானது) பலன் மிகச் சிறியதுதான்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8,333 யூனிட்டை 26 வாரத்தால் பெருக்கினால் 2,16,658. ஆறு மாத மொத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்! ஊரும் வேறு, குழந்தைகளின் நிலையும் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கொடுத்த விதத்துக்கு இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். வயித்துப்போக்கும் காய்ச்சலும் மாறி மாறி வரும் குழந்தையின் உடம்பில் ஒரே தடவை ஊற்றியது எவ்வளவு தங்கும்? திருச்சியில் கொடுத்தது கிட்டத்தட்ட ஒரு குழந்தை சாப்பாட்டிலிருந்தே பெற வேண்டிய அளவு. வாரத்தில் சில நாள் முருங்கைக்கீரையும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்கிற மாதிரி.

அரசுத் திட்டம் இன்றும் பெரிய அளவில்தான் போகிறது. ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், மொத்தம் ஒன்பது தடவை. பாட்டிலோடு வரும் கரண்டியில் பாதிக்கு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு முதல் தடவைக்கு மட்டும்.