ஹெய்லிபரி கல்லூரி

கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்திய ஆட்சிப் பணிக்குரிய இளைஞர்களைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தின் ஹெர்ட்போர்டுசயரில் நடத்திய கல்லூரி (1806–1858). ஹெர்ட்போர்டு கோட்டையில் தொடங்கி, 1809இல் ஹெய்லிபரியில் வில்லியம் வில்கின்ஸ் வடிவமைத்த கட்டடத்துக்கு மாறியது.

கம்பெனி இயக்குநர்கள் நியமித்தவர்களே இங்குப் பயின்றனர். சட்டம், கணிதம், செவ்வியல் இலக்கியம், சமற்கிருதம், பாரசீகம் ஆகியவை கற்பிக்கப்பட்டன; வரலாறும் அரசியல் பொருளாதாரமும் ஒரே பேராசிரியரின் பொறுப்பில் இருந்தன. மக்கள்தொகைக் கோட்பாட்டால் அறியப்படும் தாமஸ் மால்தஸ் 1805இல் நியமிக்கப்பட்டு, 1834இல் இறக்கும்வரை இப்பதவியை வகித்தார். அடுத்து வந்தவர் ரிச்சர்ட் ஜோன்ஸ். நிலவரி, வாடகை, வணிகம் பற்றிய பாடங்கள் பிற்கால ஆட்சியரின் அன்றாடப் பணியோடு நேரடித் தொடர்புடையவை. ஜேம்ஸ் மில்லின் இந்திய வரலாறு (1817) பாடநூலாகப் பயன்பட்டது. மில் இந்தியாவுக்கு வந்தவரல்லர், இந்திய மொழி எதையும் அறிந்தவருமல்லர். ஆளப்படும் மக்களைப் பற்றிய தாழ்வான மதிப்பீடு மாணவரிடம் படிய அந்நூல் வழிவகுத்தது. இக்கல்வியின் பெருங்குறை இதுவே.

சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், எஃப். டபிள்யூ. எல்லிஸ் முன்னின்று 1812இல் நிறுவிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றனர். பின்னாளில் சென்னை ஆளுநரான சார்லஸ் டிரவெலியனும், இந்தியத் தலைமை ஆளுநரான ஜான் லாரன்சும் ஹெய்லிபரி மாணவர்கள்.

ஆட்சிப் பணிக்கு ஆளெடுக்கும் முறையை ஆராய்ந்த மெக்காலே குழுவின் 1854ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1855இல் போட்டித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. நியமன முறை ஒழிந்ததும் கல்லூரி தேவையற்றதாகி, 1858 தொடக்கத்தில் மூடப்பட்டது. 1862 முதல் அவ்வளாகத்தில் ஒரு பள்ளி இயங்குகிறது.