பாசிமணியும் பிரெஞ்சுக் கண்ணாடியும்

மேஜைமேல் கிடக்கும் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல் போதும். ஆனால் மனிதன் கல்லோடு திருப்தி அடைந்துவிடவில்லை. கல்லை விட்டுக் கண்ணாடியைப் பிடித்தான். கண்ணாடிக்குள் பூவை வைத்தான். பூக்களின் நடுவே வருஷத்தையும் எழுதி வைத்தான். அப்படிச் செய்யப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கண்ணாடிக் குண்டு 1990-ல் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அது பூக்கூடை வடிவம். அதன் கீழே வைத்து அழுத்துவதற்குத் தகுதியான காகிதம் எந்தக் கஜானாவிலாவது இருக்குமா என்பது சந்தேகந்தான்.

இந்தப் பைத்தியம் பிறந்த கதை சுருக்கமானது. 1845-ல் வியன்னாவில் ஒரு கைத்தொழிற் பொருட்காட்சி நடந்தது. வெனிஸ் நகரத்துப் பிகாலியா என்பவர், பல வண்ணக் கண்ணாடித் துண்டுகளை உள்ளே அடக்கிய உருண்டைகளை அங்கே வைத்திருந்தார். பெலிகோ என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் பார்த்துத் தம் நாட்டு வர்த்தகர்களுக்கு அறிக்கை எழுதினார். பிரெஞ்சுக் கண்ணாடித் தொழில் அப்போது மந்தமாக இருந்த காலம். பக்கரா, செயின்ட் லூயி, கிளிஷி என்ற மூன்று தொழிற்சாலைகள் அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டன. தபால் தலை வந்து, கடிதம் எழுதுவது நடுத்தரக் குடும்பங்களுக்கும் பழக்கமாகிவிட்ட சமயம் அது. மைக்கூடு, காகிதக் கத்தி இவற்றோடு கண்ணாடிக் குண்டும் எழுதுபொருள் கடைகளில் விற்பனைக்கு வந்தது. 1860-க்குள் மோகம் அடங்கிவிட்டது. உலகமெங்கும் சேகரிப்பவர்கள் தேடித் திரிகிற பழைய குண்டுகளெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதினைந்து வருஷத்துச் சரக்குத்தான்.

செய்முறையை நம் ஊர் ஜவ்வுமிட்டாய்க்காரனை வைத்தே புரிந்துகொள்ளலாம். தடியான மிட்டாயின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம் இருந்தால், எத்தனை முழம் இழுத்தாலும் அந்தக் கோலம் சிறுக்குமே தவிரக் கலையாது. அதுபோலக் கண்ணாடியைச் சூட்டில் இழுத்துக் குச்சியாக்குவார்கள். குச்சியை வில்லை வில்லையாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு குட்டிப் பூ. வில்லைகளை வரிசையாக அடுக்கி, உருகிய தெளிந்த கண்ணாடியால் மேலே மூடிவிட்டால், அந்த மூடியே பூதக்கண்ணாடியாக நின்று பூந்தோட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும். சில வில்லைகளில் பூவுக்குப் பதிலாக எழுத்து இருக்கும். பக்கராக் குண்டுகளில் ‘பி’ என்ற எழுத்தும், 1846 முதல் 1849 வரையுள்ள ஏதாவதொரு வருஷமும் தென்படுவது உண்டு. கிளிஷிக்காரர்கள் ஒரு சின்ன ரோஜாவையே கையெழுத்தாக வைத்துக்கொண்டார்கள்.

பிறகு இதைச் சேகரிக்க ஆரம்பித்தவர்களில் எல்லா ரகத்தினரும் உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியை கோலெத் தம்முடைய பாரீஸ் வீட்டில் இவற்றை அடுக்கி வைத்திருந்தார். எகிப்து மன்னர் பாரூக் சிம்மாசனத்தை இழந்த பிறகு, 1954-ல் கெய்ரோவில் ஏலம் விட்ட அரண்மனைச் சாமான்களிலும் இவை இருந்தன. சிகாகோ நகரத்து ஆர்தர் ருப்லாஃப் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகளைச் சேர்த்து அந்நகரக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார்.

இவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஏனென்றால் இந்தச் சேகரத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வருஷம் பொறித்த ஒரு பக்கராக் குண்டு கெய்ரோவுக்குப் போனாலும் சிகாகோவுக்குப் போனாலும் அதன் பிறப்புச் சீட்டு அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. கைமாறினால் அதன் சரித்திரம் நீளுமே தவிர அழியாது. ஆனால் பிறப்புச் சீட்டை வெளியிலே, தான் கிடக்கிற மண்ணிலே விட்டு வைத்திருக்கிற கண்ணாடியும் உலகத்தில் உண்டு. அது நம்முடைய கடற்கரையில் உண்டு.

இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குப் போகிற கடற்கரைப் பாதையில் உப்பூர் இருக்கிறது. இராமேசுவரம் போகிறவர்கள் முதலில் இங்கே வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் போவது மரபு. கருவறைக்குக் கூரை போடவிடாமல் வெயிலில் காய்வதையே விரும்பி ஏற்றுக்கொண்ட பிள்ளையார் அவர். ஊரின் பெயரிலே உப்பு, மண்ணிலே உவர், நாலு பக்கமும் மணல். கண்ணாடி என்பது என்ன? மணலும் சோடாவும் நெருப்பும்தான். கடல் உப்பைக் கொட்டிக் காய்ச்சினால் கண்ணாடி ஆகாது; வண்ணார்கள் துணி வெளுக்க எடுக்கும் உவர்மண்ணில் இருக்கிறதே, அந்தச் சோடா வேண்டும். பழைய இந்தியக் கண்ணாடிமணிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பகுதி அப்படிப்பட்ட மண்சோடாவும் மணலும் சேர்ந்தது என்று கண்டிருக்கிறார்கள்.

அந்த மணிகளைத்தான் நாம் பாசிமணி என்கிறோம். மிளகளவும் அதற்குச் சிறிதுமாக, செங்கல் சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் மஞ்சளிலும் இருக்கும். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இதைச் செய்தார்கள். உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை விட்டு, உலைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒருவன் கொக்கியால் இழுப்பான். துளையோடு கூடிய நீண்ட குழல் வரும். அதை நறுக்கிச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடேற்றினால் ஓரம் மழுங்கி மணியாகும். ஆந்திரத்தில் பாப்பநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இதே முறையில் மணி செய்தார்கள். பாக்குநீரிணைக்கு அக்கரையில், மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்திலும் மணித்தொழில் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் கொரியா வரை இவ்வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. பீட்டர் பிரான்ஸிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். பக்கராவில் குச்சி இழுத்தவனும் அரிக்கமேட்டில் குழல் இழுத்தவனும் ஒரே குலத்தொழில்காரர்கள்தாம். நடுவே வெறும் பதினெட்டு நூற்றாண்டு இடைவெளி.

அரிக்கமேட்டுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் வேறு உறவும் உண்டு. 1734-லேயே வீராம்பட்டினத்து ஜனங்கள் அங்கே பழைய செங்கல் தோண்டி எடுப்பதாகப் புதுச்சேரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். பிறகு சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கடல் கடந்து வந்து, அன்று மேகம் மறைத்து ஏமாந்துபோன வான சாஸ்திரி லெ ழாந்தியும் அந்த இடத்தைப் பற்றி எழுதினார். 1937-ல் பேராசிரியர் ழூவோ துப்ரேய் அங்கே விளையாடும் குழந்தைகளிடம் மணிகளும் கற்களும் வாங்கினார். அவற்றோடு, மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் அவர் கைக்கு வந்தது. ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதினார். அதற்குப் பிறகுதான் 1945-ல் மார்ட்டிமர் வீலர் முறையாக அடுக்கடுக்காகத் தோண்டி, இந்த அடுக்கில் ரோம நாட்டு ஓடு, இந்த அடுக்கில் இன்ன மணி என்று குறித்து வைத்தார். குழந்தைகள் கொண்டுவந்த கல், ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லிற்று. எப்போது, எதனோடு, யாரோடு என்று சொன்னது மண்.

உப்பூரில் எனக்கு மருமகன் முறையாகிற ஒருவர் இருக்கிறார். சென்ற வருஷம் அங்கே போயிருந்தபோது ஒரு மூக்குப்பொடி டப்பியை என் முன்னே திறந்தார். உள்ளே ஐம்பது அறுபது பாசிமணிகள்.

“மாமா, இது எத்தனை வருஷத்துப் பாசி? பார்த்துச் சொல்லுங்க.”

“எங்கே கிடைத்தது?”

“சந்தையிலே ஒருத்தர் கொடுத்தார். அழகன்குளம்னார். அப்புறம், இல்லையில்லை, பெரியபட்டினம்னார். எதுவா இருந்தா என்ன மாமா, ரெண்டும் நம்ம சீமைதானே?”

அங்கேதான் இருக்கிறது சங்கதி. இரண்டு ஊருக்கும் நடுவே அரைநாள் நடை. காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் வருஷம். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள அழகன்குளத்தில், 1986-87 முதல் பலமுறை தமிழக அரசின் தொல்லியல் துறை அகழ்ந்து, ரோமக் காசுகளும் கப்பல் கீறிய ஓடும் எடுத்தது. பெரியபட்டினமோ பாண்டியர் காலத்துத் துறைமுகம். அங்கே கிடைப்பது சீனப் பீங்கான். பாசிமணி இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒரே அச்சுத்தான். டப்பியிலுள்ள மணி அகஸ்டஸ் காலத்துப் பெண் அணிந்ததா, பாண்டிய நாட்டுப் பெண் அணிந்ததா என்று மணியைப் பார்த்து நான் சொல்ல முடியாது. ரசாயனம் கற்ற நிபுணர் கூட, எந்தவகை மண்ணால் ஆனது என்று சொல்வாரே ஒழிய, எந்த வீட்டு முற்றத்தில் உதிர்ந்தது என்று சொல்லமாட்டார். அந்த விஷயம் தோண்டிய குழியோடு போய்விட்டது.

சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் செய்தார்கள். ‘கலெக்டர்’ என்றாலே சேகரிப்பவர் என்றுதானே அர்த்தம்! 1972-ல் வந்த சட்டம் பழம்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. இதையெல்லாம் சொல்லி, டப்பியை இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்படி சொன்னேன்.

அவர் சிரித்தார். “அங்கே ஒரு மூட்டையிலே கட்டிப் போட்டுருவாக மாமா. எம் மக கழுத்திலே கோத்துப் போட்டா நாலு பேராவது பார்ப்பாக. பாசி செஞ்சவன் கழுத்திலே போடத்தானே செஞ்சான்?”

இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. வீராம்பட்டினத்து ஏழை ஜனங்கள் செங்கல் எடுத்தது வீடு கட்ட. கடற்கரைப் பிள்ளைகள் மணி பொறுக்குவது மிட்டாய் வாங்க. அவர்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. காசு கொடுத்து வாங்க ஒருவர் இருப்பதால்தான் பொறுக்குகிறார்கள். ஆகவே சொல்ல வேண்டியதை வாங்குகிறவருக்கே சொல்ல வேண்டும். கழுத்தில் கிடக்கும் மணி அழகுதான். ஆனால் அது இனிமேல் அழகு மாத்திரமே. மூட்டையில் கிடந்தாலும் எடுத்த இடம் எழுதிய சீட்டு ஒன்று அதோடு கிடந்தால், நூறு வருஷம் கழித்தாவது ஒருவர் பிரித்துப் படிப்பார்.

பக்கரா ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த ஊர்த் தேவாலயம் இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்தது. 1951-ல் அஸ்திவாரக் கல்லைத் திறந்தபோது உள்ளே ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. அதில் பொறித்திருந்த வருஷம் 1853. அதுவரை வருஷம் பொறித்த பக்கராக் குண்டு என்றாலே 1840-களோடு சேர்த்துப் பேசி வந்தார்கள். ஒரு கடையில் அகப்பட்டிருந்தால் போலி என்று ஒதுக்கியும் இருப்பார்கள். தேவாலயத்தின் அஸ்திவாரத்திலிருந்து வந்ததால் யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியவில்லை. தேதியை வயிற்றிலே சுமந்த கண்ணாடிக்கே, கிடந்த இடம் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. தேதியே இல்லாத நம் பாசிமணிக்கு மண்ணைத் தவிர வேறு சாட்சி ஏது?